சேறுமில்லை, காய்ச்சலுமில்லை: ஒரு நோய்ப்பெயரின் பிழை

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குளிர்காலம் என்பது பெரும்பாலும் மழையும் ஈரமும்தான். மேய்ச்சல் நிலத்தின் வாயிலும் தண்ணீர்த் தொட்டியின் சுற்றுப்புறமும் குளம்புகளால் மிதிபட்டுச் சேறாகிவிடும். அங்கே நாள்முழுதும் நிற்கும் குதிரைகளுக்குக் குளம்பின் மேலுள்ள பின்மடிப்பில் தோல் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குக் கட்டி வெடிக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'மட் ஃபீவர்' என்று பெயர். நேர்ப்பொருளில் சேற்றுக் காய்ச்சல்.

இப்பெயரின் இரு சொற்களும் வழிதவறச் செய்பவை. இந்நோய் கண்ட பெரும்பாலான குதிரைகளுக்குக் காய்ச்சல் வருவதில்லை. சேறும் நேர்க்காரணம் அன்று. பல காரணங்களால் தோன்றக்கூடிய தோலழற்சி என்றே கால்நடை மருத்துவம் இதனைக் கொள்கிறது. அக்காரணங்களுள் அடிக்கடி சுட்டப்படுவது டெர்மட்டோஃபிலஸ் காங்கோலென்சிஸ் என்னும் பாக்டீரியா. 1915இல் பெல்ஜியக் காங்கோவின் மாடுகளில் முதன்முதலாக விவரிக்கப்பட்டதால் வந்த பெயர் அது. ஈரம் பட்டதும் இதன் வித்துகள் நீந்தத் தொடங்கும். ஆயினும் நலமான தோலை அவை எளிதில் ஊடுருவ முடியாது. நீரில் ஊறி நலிந்த தோலோ, மண்துகள் உராய்ந்த கீறலோ வேண்டும். மழையில் நனைந்த குதிரையின் முதுகிலும் இதே பாக்டீரியா புண் உண்டாக்கும். அங்கே சேறு ஏது?

பெயரில் உள்ள பிழை பராமரிப்பிலும் தொடர்கிறது. சேற்றையே பகையாகக் கருதுபவர் நாள்தோறும் மாலையில் கால்களில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, ஈரத்தோடு லாயத்தில் கட்டுகிறார். நோய் விரும்புவதும் அந்த ஈரத்தைத்தான். சேற்றை உலரவிட்டுத் தூரிகையால் தட்டி நீக்குவதே நலம். கழுவியே ஆகவேண்டுமென்றால் துணியால் ஒற்றி முற்றிலும் உலர்த்த வேண்டும். தடுப்புக் களிம்பும் தூய, உலர்ந்த தோலுக்கே உரியது; ஈரத்தின்மேல் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

சிகிச்சையின் முதற்படியும் குதிரையை ஈரத்திலிருந்து விலக்குவதே. பின்னர்ப் புண்ணைச் சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து, நீர்த்த குளோர்ஹெக்சிடின் கரைசலை ஏறத்தாழ 10 நிமிடம் ஊறவிட்டு, அலசி, உலர்த்த வேண்டும். ஊறித் தளர்ந்த பொருக்கை மட்டும் எடுக்கலாம்; வலிக்கப் பிய்ப்பது புண்ணைப் பெரிதாக்கும். மனிதருக்கும் தொற்றக்கூடும் என்பதால் கையுறை தேவை. கால் வீங்கினாலோ, குதிரை நொண்டினாலோ, புண் ஆறாமல் நீடித்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கால்மயிர் அடர்ந்த இனங்களில் சிற்றுண்ணிகளும், வெண்ணிறக் கால்களில் மட்டும் புண் தோன்றினால் வெயிலால் நேரும் தோற்பாதிப்பும் காரணமாக இருக்கலாம். அவற்றுக்கு மருத்துவம் வேறு.

பிரிட்டானிய நூல்களிலிருந்து இந்திய வகுப்பறைக்கு இப்பெயரோடு 'குளிர்கால நோய்' என்னும் அடைமொழியும் வந்து சேர்கிறது. இங்கே ஈரத்தின் காலம் பருவமழை. கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலைப்பாதையில் யாத்திரிகரையும் சுமையையும் ஏற்றிச் செல்லும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் மழைமாதங்களில் நனைந்த கற்களிலும் சாணம் கலந்த சேற்றிலும் நடக்கின்றன. புண்ணுற்று வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. ஆனால் விலங்கு ஓய்ந்த நாளில் அதை நம்பியிருப்பவரின் வருவாயும் நின்றுபோகிறது. ஆகவே 'கால்களை உலர வையுங்கள்' என்று அவரிடம் மட்டும் அறிவுறுத்துவது போதாது. மேடான, கூரையிட்ட, நீர் வடியும் நிற்குமிடங்களை வழிநெடுகப் பேணுவது யாத்திரையை நடத்தும் நிர்வாகத்தின் கடமை. மருந்துக்கு முந்தைய மருத்துவம் அதுவே.

தமிழில் ஏற்கெனவே 'சேற்றுப்புண்' என்னும் சொல் உண்டு. சேற்றிலும் நீரிலும் நின்று உழைப்போரின் கால்விரல் இடுக்குகளில் வரும் புண்ணைக் குறிப்பது. அதில் காய்ச்சல் இல்லை என்பது ஆறுதல். எனினும் பழி இன்னமும் சேற்றின் மீதே விழுகிறது. குதிரை நோயைத் தமிழில் எழுதுவோர் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் 'ஈரப்புண்' என வழங்கலாம். காரணத்தையும் செய்ய வேண்டியதையும் அச்சொல் ஒருசேர உணர்த்தும். பாடநூல் படிக்காத குதிரைக்காரருக்கும் அது விளங்கும்.