நம் கரையில் நிற்கும் ஆண்டவர்

நீரும் வயலும் மலையும் நிறைந்த ஓவியத்தைக் கண்டால் அதன் அழகை வியந்து அப்பாற் செல்வதே நம்மிற் பலரது வழக்கம். ஓவியர் எந்தக் கரையைத் தெரிந்துகொண்டார், ஏன் தெரிந்துகொண்டார் என்று கேட்போர் சிலரே.

1444ஆம் ஆண்டில் கொன்ராட் விற்ஸ் என்னும் ஓவியர், ஜெனீவா நகரின் புனித பேதுரு பேராலயப் பீடத்திற்காக 'அற்புத மீன்பிடிப்பு' என்னும் காட்சியை மரப்பலகையில் தீட்டினார். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரத்தில் சீடர்களுக்குத் தோன்றியதை யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம் கூறுகின்றது. ஆயினும் இப்படத்தில் நாம் காண்பது கலிலேயாவின் நீரன்று; ஜெனீவா வாவியே அது. எதிர்க்கரையில் வேலியிட்ட வயல்கள் விரிகின்றன. அவற்றின் பின்னே சலேவ், மோல் ஆகிய மலைகளும், தொலைவில் அல்ப்ஸ் மலையின் வெண்பனியும் தெரிகின்றன. அடையாளம் காணத்தக்க உண்மையான இடமொன்றைத் தீட்டிய ஐரோப்பிய ஓவியங்களுள் இது மிக முற்பட்டவற்றில் ஒன்றெனக் கலை வரலாற்றாசிரியர் போற்றுவர்.

இதனைத் திருநாட்டின் நிலவியலை அறியாதவரின் பிழையென்றோ, வெறும் ஊர்ப்பற்றென்றோ ஒதுக்குதல் பொருந்தாது. இறைவன் மனுவுரு எடுத்தார் என்னும் விசுவாசத்தின் விளக்கமாகவே இதனைக் கொள்ள வேண்டும். அன்றைய ஜெனீவா மக்கள் பீடத்தை நோக்கியபோது தாம் நாள்தோறும் காணும் கரையிலேயே ஆண்டவர் நிற்கக் கண்டனர்.

இப்படத்தில் பேதுரு இருமுறை காணப்படுகின்றார். படகில் வலையிழுக்கும் பேதுரு ஒருவர். நீரில் இறங்கி ஆண்டவரை நோக்கிக் கை நீட்டுபவரும் அவரே. நீருக்கடியில் அவர் கால்கள் தெரிவதையும் ஓவியர் கவனமாகத் தீட்டியுள்ளார். தொழிலின் பாதுகாப்பை விட்டு இறங்கியவர் இன்னும் கரை சேரவில்லை. விசுவாச வாழ்வின் உண்மை நிலை இதுவன்றோ!

1535ஆம் ஆண்டின் சமயக் கிளர்ச்சியில் இப்பீடப் படங்களின் முகங்கள் சிதைக்கப்பட்டன. பின்னர் சீர்செய்யப்பட்டு, இன்று அந்நகரின் கலை வரலாற்று நூதனசாலையில் அவை பேணப்படுகின்றன. முகங்களைச் சிதைத்தோரும் அதே வாவிக் கரையில் வாழ்ந்தவர்களே. ஆண்டவர் தம் ஊர்க்கரையில் நிற்பதாகக் காட்டிய படம், அவ்வூரார் கைகளாலேயே காயமுற்றது.

அன்பார்ந்த வாசகர்களே, ஆண்டவரைத் தேடித் தூரத் திருத்தலங்களுக்குச் செல்வது நன்று. ஆனால் நாம் உழைக்கும் இடத்தில், வெறும் வலையோடு சோர்ந்திருக்கும் அயலவரின் அருகில் அவர் நிற்பதைக் காணாவிடின், அப்பயணத்தால் வரும் பயன்தான் என்ன?