பாஸ்போர்ட் இல்லாத தட்டான்!

சின்ன வயசுல தட்டான் வாலில் நூல் கட்டி, குட்டிக் கல்லைத் தூக்க வெச்ச பாவிகள் எத்தனை பேர் இருக்கீங்க? கையைத் தூக்குங்க. நானும்தான். லீவு நாள் மத்தியானம் பூரா அதே வேலை. அந்தத் தட்டான் எந்த ஊருக்குக் கிளம்பிட்டிருந்ததுன்னு அப்போ யாராவது சொல்லியிருந்தா, சத்தியமா அவிழ்த்து விட்டிருப்பேன்.

செப்டம்பர், அக்டோபர்ல காலேஜ் கிரவுண்டுக்கு மேலே கூட்டம் கூட்டமா, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்துல, உட்காரவே உட்காராம சுத்திக்கிட்டு இருக்குமே... அவர்தான் நம்ம ஹீரோ, பன்டாலா ஃப்ளேவசென்ஸ். பன்டாலாங்கிற பேரினத்துல மொத்தமே ரெண்டு பேர்தான். நம்மாளு வெப்ப நாடுகள் எல்லாத்துலயும் இருக்கார். ஐரோப்பாவுல மட்டும் அபூர்வம். இன்னொருத்தர் பன்டாலா ஹைமனேயா. பின் இறக்கையோட அடியில ஒரு கரும்பழுப்புப் புள்ளி. அவருக்கு அமெரிக்கக் கண்டங்களே போதும்.

ரெண்டு பேருக்கும் பிழைப்பு ஒண்ணுதான். மழை பெஞ்சு தேங்கின குட்டையில முட்டை போடணும். அங்கே மீன் இருக்காது, குஞ்சுகளுக்கு ஆபத்து கம்மி. ஆனா குட்டை வத்திடுமே! அதனால அவசர அவசரமா வளர்ந்து, சூடு சரியா இருந்தா ஆறு வாரத்துக்குள்ளேயே றெக்கை முளைச்சு, அடுத்த மழை எங்கேன்னு தேடிக் கிளம்பிடுவாங்க.

இந்தத் தேடல் எவ்வளவு தூரம் போகும்? மாலத்தீவுல வேலை பார்த்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சனுக்கு ஒரு சந்தேகம். வருஷா வருஷம் அக்டோபர்ல ஆயிரக்கணக்குல தட்டான் வந்து இறங்குது. ஆனா மாலத்தீவு முழுக்கப் பவளப்பாறை மண், பெய்யற மழை அப்படியே உள்ளே இறங்கிடும். குளம் குட்டைக்கே பஞ்சமான ஊருக்கு இவ்வளவு தட்டான் எதுக்கு? அவர் தேதிகளைக் குறிச்சுக்கிட்டே வந்தார். முதல்ல தென்னிந்தியா, அப்புறம் மாலத்தீவு, நவம்பர்ல செஷல்ஸ், அதுக்கப்புறம் கிழக்கு ஆப்பிரிக்கா. தரையில காத்து எதிர்த்திசையில அடிச்சாலும், 1,000 மீட்டருக்கு மேலே வடகிழக்குலேர்ந்து அடிக்குது. அதுல ஏறிக்கிட்டா லிஃப்ட் கிடைச்ச மாதிரி! போய்த் திரும்ப 14,000 முதல் 18,000 கிலோமீட்டர்னு 2009-ல எழுதினார். இதை ஒரே தட்டான் முடிக்கிறதில்லை, நாலு தலைமுறை ஆகும். ஆப்பிரிக்க மழைக்குட்டையில பொறந்த வாரிசுங்கதான் நம்ம மழைக்குத் திரும்புது.

அதெல்லாம் சரி, நம்ம ஊர்த் தட்டான்தான் மாலத்தீவு போகுதுன்னு என்ன ஆதாரம்? இங்கேதான் கதையில ட்விஸ்ட். குட்டைத் தண்ணியில இருக்கிற ஹைட்ரஜன் ஊருக்கு ஊர் கொஞ்சம் வித்தியாசப்படும். வளரும்போது அந்தக் கணக்கு றெக்கையில பதிஞ்சுடும், பிறகு மாறாது. அதாவது, றெக்கையே பிறப்புச் சான்றிதழ்! 2012-ல மாலத்தீவுத் தட்டான்களோட றெக்கையைச் சோதிச்சாங்க. விடை: பொறந்தது தென்னிந்தியா இல்ல, வட இந்தியா, ஒருவேளை இமயமலைக்கும் அப்பால். நம்ம ஊர் வெறும் டிரான்சிட்.

உடம்புல நாலரை சென்டிமீட்டர்தான் நீளம். 2021-ல ஸ்வீடனோட லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டாங்க. உடம்புல இருக்கிற கொழுப்பு மட்டும் கடலைத் தாண்டப் பத்தாது, காத்து கைகொடுத்தே ஆகணும். காத்து மாறினா? கடல்தான். கூடவே அமுர் வல்லூறுகளும் இதே சீசன்ல கடலைத் தாண்டுது. வழியில அதுக்குத் தட்டான்தான் டிபனா இருக்கலாம்னும் ஆண்டர்சன் சொன்னார்.

எதிர்க் கதையும் இருக்கு. பசிபிக் நடுவுல ஈஸ்டர் தீவு, சிலி கரையிலேர்ந்து 3,500 கிலோமீட்டர். அங்கே இருக்கிற ஒரே தட்டான் இனம் நம்மாளுதான். எப்பவோ காத்து கொண்டுபோய்த் தள்ளியிருக்கு. ஊர்சுத்தறதையே தொழிலா வெச்சிருந்தவர் அங்கே கடல் பக்கம் தலைவெச்சுப் படுக்கறதில்லை. காத்து பலமா அடிச்சா கீழே இறங்கி உட்கார்ந்துடறார்!

சரி, அடுத்த வாரம் பார்க்கிங் பக்கம் போனா ஒரு நிமிஷம் நில்லுங்க. பளபளக்கிற கார் பானெட்டை வாலால தட்டித் தட்டி ஒரு தட்டான் போயிட்டிருக்கும். விளையாட்டுன்னு நினைச்சுடாதீங்க. அதோட கண்ணுக்கு அந்தப் பளபளப்பு தண்ணி மாதிரிதான் தெரியும். முட்டை போட்டுக்கிட்டிருக்கு. வெயில் ஏறினா அரை மணி நேரத்துல எல்லாம் பொரிஞ்சுடும்.