கழித்தல் கணக்கு

என் தம்பி மகளுக்கு மே மாதக் கடைசியில் முதல் பிறந்தநாள். திருச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதற்கான பேச்சு நடந்தது. எந்த மண்டபம், எத்தனை இலை, கேக் எத்தனை கிலோ, வருகிறவர்கள் கையில் என்ன கொடுத்தனுப்புவது என்று ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டியதில் 1,80,000 ரூபாய் வந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. "முதல் பிள்ளை, முதல் பிறந்தநாள். செய்யத்தானே வேணும்" என்றாள் அம்மா.

பத்து நிமிடம் கழித்து அதே தாளின் பின்பக்கத்தில் இன்னொரு கணக்கு போடப்பட்டது. தம்பி மனைவி ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். சம்பளம் 16,000. ஜூன் மாதம் திரும்பச் சேர்வதானால் மே முதல் வாரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் கேட்டிருந்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மாவுக்கு மாதம் 8,000. கழித்தால் 8,000. பள்ளிக்குப் போய்வர ஆட்டோவுக்கு 2,000. அதையும் கழித்தால் 6,000. தம்பி பேனாவை மூடிவைத்தான். "ஆறாயிரம் ரூபாய்க்கா பச்சப்புள்ளைய விட்டுட்டுப் போகணும்?" என்றாள் அம்மா.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை பேனா மூடியை வாயில் போட்டிருந்தது. விரல் விட்டு எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க அண்ணி?" என்று கேட்டாள்.

இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் பெண்ணியம் பேசுகிறவள் நான். நான் சொன்ன பதில் இது: "அம்மா சொல்றதும் சரிதானேம்மா. இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பாரேன்."

இந்தக் கட்டுரை அந்தக் கணக்குக்கு எதிரானது. அந்தக் கணக்கைத் தலையாட்டி ஏற்றுக்கொண்ட எனக்கும் எதிரானது.

கணக்கில் என்ன பிழை? கூட்டல், கழித்தல் எல்லாம் சரி. எதிலிருந்து கழிப்பது என்பதில்தான் பிழை. குழந்தை இரண்டு பேருக்குப் பிறந்தது. தம்பியின் சம்பளம் 52,000. குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கான 8,000 அந்த 52,000இலிருந்து ஏன் கழிக்கப்படவில்லை? சரிபாதியாக 4,000 கூட ஏன் கழிக்கப்படவில்லை? அவன் அலுவலகம் போகப் பெட்ரோல் போடுகிறான். அந்தச் செலவைக் கழித்துவிட்டு, "இவ்வளவுக்காகவா பிள்ளையை விட்டுப் போகிறாய்?" என்று அவனை எவரும் கேட்டதில்லை. அவன் வேலை செய்வது வாழ்க்கை. அவள் வேலை செய்வது குழந்தைச் செலவு போக மிச்சம் நின்றால் அனுமதிக்கப்படும் ஒன்று.

குடும்பத்துக்கு ஒரே கணக்கு என்று வைத்தால் விடை மாறிவிடுகிறது. இரண்டு சம்பளமும் சேர்ந்து 68,000. செலவு 10,000 போக 58,000. அவள் வீட்டிலிருந்தால் 52,000. ஆக, வீட்டுக்கு இழப்பே இல்லை. ஒரு மாலைப் பொழுதின் மண்டபத்துக்கு ஒதுக்கிய 1,80,000இல் அந்த அம்மாவுக்கு இருபத்திரண்டு மாதச் சம்பளம் கொடுக்கலாம். குழந்தையின் பெயரால் பணம் எடுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தயக்கமில்லை. அந்தப் பணம் குழந்தையின் தாயை வகுப்பறைக்குத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, மிச்சம் ஒரு ரூபாய்கூட நிற்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவள் போக வேண்டும் என்றுதான் சொல்வேன். இன்று விடுகிற ஓராண்டு, அடுத்த ஆண்டு நேர்காணலில் 'இடைவெளி' என்ற பெயரில் அவள் முன்னால் வந்து உட்காரும். பணிமூப்பு போகும், சம்பள உயர்வு போகும், வருங்கால வைப்பு நிதி நின்றுபோகும். இவை எதுவும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதப்படவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுக்கும்போது அவளுக்குக் கிடைக்கிற மகிழ்ச்சிக்கும் அதில் இடமில்லை.

"ஒரு வயசு ஆயிட்டா அப்புறம் கஷ்டமே இல்ல" என்பார்கள். பதினோராம் மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கும். பிடியை விட்டால் விழும். தரையில் கிடக்கும் பொத்தான், எறும்பு, முருங்கைக் காம்பு எல்லாம் வாய்க்குப் போகும். கேழ்வரகுக் கூழில் கட்டி தட்டினால் துப்பும். பருப்புச் சோற்றை மசிக்காமல் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். இரவில் இரண்டு முறை எழும். ஐந்து மணிக்கு மொத்தமாக விழித்துக்கொள்ளும். கண்ணை எடுக்க முடியாத மாதங்கள் இவைதான். பிரசவத்துக்கு வந்து உடனிருந்த தாயார் ஊருக்குத் திரும்புவதும், இனி அவளே பார்த்துக்கொள்வாள் என்று வீடு கைகழுவுவதும் இதே மாதங்களில்தான்.

நான் பாடம் நடத்தும் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வருகிறது. குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடும் சிற்றிலக்கியம் அது. பாட்டியல் மரபு பதினோராம் மாதத்தை முத்தப் பருவம் என்கிறது; குழந்தையிடம் முத்தம் தா என்று கேட்கும் பருவம். அடுத்தது வருகை, தளர்நடையிட்டு வா என்று அழைப்பது. ஒட்டக்கூத்தர், பகழிக்கூத்தர், குமரகுருபரர் எல்லோரும் தாயின் இடத்தில் தம்மை வைத்துப் பாடினார்கள். அந்தப் பாடல்களை நேசித்துத்தான் நடத்துகிறேன். ஆனாலும் பத்துப் பருவத்தில் ஒன்றிலாவது தாய்க்குத் தூக்கம் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். முத்தம் கேட்கும் குரலை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். துணி அலசும் கை தாயிடமே இருந்தது.

என் தம்பியும் முத்தப் பருவத்துத் தகப்பன்தான். மாலை ஆறரைக்கு வருவான். முகம் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குவான், முத்தமிடுவான், மேலே போட்டுப் பிடிப்பான். குழந்தை சிரிக்கும். அவன் நல்லவன், குழந்தைமேல் உயிரையே வைத்திருக்கிறான். இருபது நிமிடத்தில் அது நனைத்துவிடும், அல்லது அழும். "இந்தா, புடி" என்று நீட்டுவான். வாங்கிக்கொள்ள எதிரில் எப்போதும் இரண்டு கை இருக்கும் என்ற நம்பிக்கைதான் அவனுடைய தந்தைமை. நான் அவனிடம் சில கேள்விகள் கேட்டேன். ஒன்பதாம் மாதத் தட்டம்மைத் தடுப்பூசி என்றைக்குப் போட்டது? அந்த அட்டை எந்த அலமாரியில் இருக்கிறது? குழந்தையின் எடை இப்போது என்ன? நேற்று எத்தனை முறை வெளிக்குப் போனது? எந்தக் கேள்விக்கும் அவனுக்கு விடை தெரியவில்லை. "அதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்க்கா" என்றான், பெருமையாக.

'அவன் நன்றாக உதவி செய்கிறான்' என்று அம்மா சொல்வாள். பிறர் வேலையில் கை கொடுப்பதற்குப் பெயர் உதவி. தன் குழந்தைக்குச் சோறூட்டுவது எப்படி உதவியாகும்? அவள் ஊட்டினால் கடமை, அவன் ஊட்டினால் உதவி. இந்த ஒரு சொல்லை நம் வீடுகளிலிருந்து எடுத்துவிட்டால் பாதிச் சண்டை தானாகவே வெளிச்சத்துக்கு வரும்.

இது எங்கள் வீட்டுக் குறை மட்டும்தானா? 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஒரு நாளில் ஊதியமில்லா வீட்டு வேலை செய்த பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. அப்படிச் செய்தவர்களிலும் பெண்கள் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். குழந்தைகள், முதியோர் முதலியோரைப் பராமரிப்பதில் பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76 நிமிடம். என் தம்பியின் இருபது நிமிடமும் அந்தச் சராசரிக்குள்தான் எங்கோ இருக்கிறது.

சட்டமும் அதே தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு என்றார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தக் காப்பகத்துக்கு ஒரு நாளில் நான்கு முறை போய்வரும் உரிமையைத் தாய்க்கு மட்டுமே எழுதிவைத்தார்கள். தகப்பன் எட்டிப் பார்க்க வேண்டும் என்று சட்டத்துக்கும் தோன்றவில்லை. தமிழ்நாடு அரசு 2021 ஜூலை முதல் தன் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை ஓராண்டாக்கியது. தனியார் பள்ளி ஆசிரியைக்கு அது எட்டாக் கனி. மத்திய அரசு ஊழியரான ஆணுக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள். தனியார் துறை ஆணுக்கு அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. விடுப்பு முழுவதையும் தாயின் பெயரில் எழுதி, அதன் செலவையும் அவளை வேலைக்கு வைத்திருப்பவரின் தலையில் வைத்தால் என்ன நடக்கும்? "கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை எப்போ?" என்ற கேள்வி பெண்ணின் நேர்காணலில் மட்டும் வரும்.

"குழந்தை அம்மாவைத்தானே தேடுது?" என்பார்கள். யார் எப்போதும் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களைக் குழந்தை தேடும். பத்து மாதமாக ஒரே ஒருத்தியின் இடுப்பில் வைத்துவிட்டு, பிறகு அந்தத் தேடலையே காரணமாகக் காட்டுவது என்ன நியாயம்? "தாய்ப்பால்?" என்பார்கள். பால் அவளிடம்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கத் தொடங்கும் கூழும் சோறும் கரண்டியில் இருக்கின்றன. கரண்டியை எந்தக் கையும் பிடிக்கலாம்.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் பேச வேண்டும். அடுத்த தெருவிலிருந்து வரச் சம்மதித்த அந்த அம்மா முதலில் கேட்டது 10,000. பேரம் பேசி 8,000 ஆக்கியவள் நான். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை ஓர் உயிரைக் காப்பதற்கு! தன் பேரனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் அவர் வர வேண்டும். அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கும். ஒரு வயதுக் குழந்தையைக் காலை முதல் மாலை வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடமாக அது இயங்குவதில்லை. பெற்றவளின் உழைப்புக்கு மதிப்பில்லை என்பதால்தான் கூலிக்கு வருகிறவளின் உழைப்பும் மலிவாகத் தெரிகிறது. ஒருத்தியை வேலைக்கு அனுப்ப இன்னொருத்தியின் கூலியில் கைவைப்பதற்குப் பெண்ணியம் என்று பெயர் வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். 68,000 என்று எழுதிக் கீழே கழித்துக் காட்டினேன். தம்பி மௌனமாக இருந்தான். அம்மாதான் வெடித்தாள்.

"நீ டாக்டர் பட்டம் வாங்கறப்போ ஒம் மகளை யாருடி வளர்த்தா? எனக்கு எவ கணக்கு போட்டா?"

பதில் சொல்ல முடியவில்லை. என் மகளின் முதல் ஐந்து ஆண்டுகள் அம்மாவின் மடியில்தான் கழிந்தன. அம்மாவின் அந்த ஐந்து ஆண்டுகள் என் ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரே ஒரு வரியாக இருக்கின்றன. மேலே ஏறிய நான் ஏணியைப் பற்றிக் கவிதை எழுதினேன். இன்று அவளுக்கு முழங்கால் வலி, குழந்தையைத் தூக்க முடியாது. தனக்கு யாரும் தராத நியாயத்தை மருமகளுக்கு ஏன் தர வேண்டும் என்ற கோபம் அவளுக்கு. அந்தக் கோபம் நியாயமானது; அது போய் விழுந்த இடம்தான் தவறு. மாமியாரும் நாத்தனாரும் மருமகளை மடக்குகிறார்கள் என்று நாடகத் தொடர்கள் காட்டிக்கொண்டே இருக்கின்றன. மூன்று பெண்களை ஒரே கழித்தல் கணக்கில் நிறுத்தியிருக்கும் வீட்டை அவை காட்டுவதில்லை.

நம் தாலாட்டுகளில், யார் அடித்து நீ அழுகிறாய் என்று குழந்தையைக் கேட்கும் தாய் அத்தையையும் ஒரு பேச்சுக்குச் சந்தேகிப்பாள், பூவால் அடித்தாளோ என்று. அந்தச் சந்தேகம் எனக்குச் சரியாகப் பொருந்துகிறது. "பொறுத்துப் பாரேன்" என்பது நான் கையில் எடுத்த பூ.

இப்போதைய நிலவரம் இது. மண்டபம் வேண்டாம் என்றாகிவிட்டது. முன்பணம் திரும்பி வரவில்லை. குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் மட்டும். அந்த அம்மாவுக்கு 10,000, வாரம் ஒரு நாள் விடுமுறை. தம்பி மனைவி ஜூனில் சேர்வதாகப் பள்ளிக்குச் சொல்லிவிட்டாள். காலை ஐந்திலிருந்து ஏழரை வரை குழந்தை தம்பியின் பொறுப்பு. முதல் வாரம் அவன் காய்ச்சிய கூழ் கட்டி தட்டியது, இரண்டாம் வாரமும். அறைக்குள்ளிருந்து எழுந்து வந்துவிடாமல் இருப்பதுதான் தனக்குப் பெரும்பாடாக இருக்கிறது என்கிறாள் அவள். அவன் இன்னமும் 'உதவி' என்றுதான் சொல்கிறான். அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாளை உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் தாளையும் பேனாவையும் எடுப்பார். உங்கள் சம்பளத்தை மேலே எழுதி, குழந்தைக்கான செலவைக் கீழே எழுதுவார். கோடு போடுவதற்கு முன்னால் பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள். மேலே இன்னொரு சம்பளத்தையும் எழுதுங்கள். பக்கத்தில் உங்களைப் போன்ற ஒரு நாத்தனார் உட்கார்ந்து, பொறுத்துப் பாரேன் என்று சொன்னால், அவள் எத்தனை புத்தகம் எழுதியவளாக இருந்தாலும் சரி, அவள் பேச்சைக் கேட்காதீர்கள்.