ஐப்பசியில் வெடித்த பருத்தி

பரளச்சியில் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிச் சிறுகதை வாசித்துப் பேசி வருகிறோம். பெரும்பாலோர் ஆசிரியர்கள். ஒருமுறை நம் கரிசல் மண்ணைக் களமாகக் கொண்ட கதையொன்றை எடுத்துக்கொண்டோம். ஐப்பசி மழையில் நனைந்தபடி ஒருத்தி பருத்தி எடுக்கும் காட்சியை ஆளாளுக்குச் சிலாகித்துக்கொண்டிருந்தோம். ஓரமாக அமர்ந்திருந்த விவசாயி ஒருவர் மெல்லச் சொன்னார்: “மானாவாரிப் பருத்தி ஐப்பசியில வெடிக்காதே சார். அப்பத்தான் முளைச்சு நிக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். “கதையை அப்படிப் பார்க்கக் கூடாது” என்றேன் நான். அடுத்த மாதம் முதல் அவர் வரவில்லை.

கூடிப் பேசுகிற எந்தக் குழுவிலும் எழுதப்படாத சில விதிகள் சீக்கிரமே உருவாகிவிடுகின்றன. யார் முதலில் பேசுவது, யார் சொன்னபின் பேச்சு முடிந்தது, எந்த எழுத்தாளரைக் குறை சொல்லலாகாது என்பதெல்லாம் புதிதாக வருபவருக்கு இரண்டு கூட்டங்களில் விளங்கிவிடும். விளங்காதவர் தாமே விலகிவிடுவார்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டியை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். பாட்டை வாய்விட்டுச் சொல்லி, அனுபவித்துக் காட்டி, பண்டிதர்களிடமிருந்த கம்பனைப் பொதுவாசகனிடம் சேர்த்தது பெருங்கொடை. ஆனால் தம் ரசனைக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பனுடையவை அல்ல என்று அவர் ஒதுக்கினார். சிலவற்றைத் திருத்தவும் செய்தார். தமிழறிஞர்கள் பலர் அதை மறுத்தனர். ஒருவருடைய ரசனையே மையமாக இருக்கும் சபையில் அமர்ந்துகொண்டு அந்த மறுப்பைச் சொல்வது எளிதாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ வேறு வகை. அதன் தொடக்க காலத்தில் க.நா.சு.வும் அதில் எழுதினார். விமர்சனம் என்றால் செல்லப்பாவுக்கு அலசல், க.நா.சு.வுக்கு ரசனையின் தீர்ப்பு. அந்த வேறுபாடு இறுதிவரை தீரவில்லை. 1963இல் க.நா.சு. ‘இலக்கிய வட்டம்’ என்று தனி இதழே தொடங்கினார். ‘எழுத்து’ சண்டையில்லாத வீடன்று. ஆயினும் இருவர் தரப்பும் அச்சில் நிற்பதால், இன்றும் நாம் படித்து எடைபோட முடிகிறது. எதிர்க்குரலைச் சிரித்துக் கலைத்திருந்தால் நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

எங்கள் கூட்டத்தில் மிஞ்சாமற் போனது இதுதான். பருவம் பிழைத்தால் கதையும் பிழைபடுமா? கற்பனைக்கு அந்த உரிமை உண்டு என்று நாங்களும், பழகிய மண்ணைப் பழகாதவர்போல் எழுதலாமா என்று அவரும் வாதிட்டிருக்கலாம். அவர் எழுப்பியது நல்ல விமர்சனக் கேள்வி. முதுகலைப் படிப்பு அதை எனக்கு அடையாளம் காட்டவில்லை.

கூட்டம் இப்போதும் நடக்கிறது. எவரும் எவரையும் மறுப்பதில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.