அடுத்த அறையில்தானே இருக்கிறது!



வீட்டுக்குப் புது கன்சோல் வந்த மகிழ்ச்சி அரை மணி நேரம்தான். “பழைய கேமையெல்லாம் மறுபடியும் டவுன்லோடு பண்ணணுமா?” என்று பிள்ளைகள் முகம் சுருங்கிவிடும். வேண்டாம். கேம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. வீட்டு நெட்வொர்க் வழியாகவே புதியதற்கு மாற்றிவிடலாம்.

2016-ல் பிஎஸ்4 ப்ரோ வந்தபோதே, பழைய பெட்டியையும் புதியதையும் லேன் கேபிளால் இணைத்து எல்லாவற்றையும் மாற்ற சோனி வழி செய்தது. மறு ஆண்டு, எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் கடைக்கு வரும் முன்பே, மைக்ரோசாப்ட் ‘நெட்வொர்க் டிரான்ஸ்பர்’ வசதியைத் தந்தது. பழையதன் செட்டிங்ஸில் அனுமதி கொடுத்துவிட்டு, புதியதில் வேண்டிய கேம்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். கணினியில் ஆடுபவர்களுக்கு இதே வசதியை ஸ்டீம் 2023-ல் கொடுத்தது. எதற்கெடுத்தாலும் தங்கள் சர்வருக்கே நம்மை இழுக்கும் நிறுவனங்கள் இப்படி ஒரு குறுக்குவழியை விட்டுவைத்திருப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

ஆனால் வைஃபையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். இரண்டு பெட்டிகளும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் ரவுட்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து அடுத்த பெட்டிக்கு ஒருமுறை என்று காற்றில் இருமுறை பயணிக்கிறது, வேகம் பாதியாகிவிடும். ஒன்றையாவது கேபிளில் மாட்டுங்கள். ‘கேமிங் கேபிள்’ என்று கடைக்காரர் நீட்டும் விலை உயர்ந்த சரக்கு தேவையில்லை, சாதாரண கேட் 5இ தாராளம். கவனிக்க வேண்டியது ரவுட்டரின் போர்ட்டைத்தான். மலிவு ரவுட்டர்களில் அது 100 எம்பிபிஎஸ்-உடன் நின்றுவிடும். 100 ஜிபி கேமுக்கு அதில் இரண்டேகால் மணி நேரம் ஆகும். கிகாபிட் போர்ட்டில் கணக்குப்படி கால் மணி நேரம். பழைய ஹார்டு டிஸ்க் இழுத்தடிப்பதால் கொஞ்சம் கூடவே ஆகும்.

நகர்வது கோப்புகள் மட்டுமே, ஆடும் உரிமை அல்ல. அதே கணக்கில்தான் உள்ளே நுழைய வேண்டும். டிஸ்க்கில் வாங்கிய கேமுக்கு டிஸ்க்கும் வேண்டும். எக்ஸ்பாக்ஸில் ஆட்டத்தின் சேவ் இந்த வழியில் வராது, கிளவுடிலிருந்து இறங்கும். ஆகவே பழையதை விற்கப் போகிறீர்கள் என்றால், புதியதில் கேமைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பார்த்த பிறகே பழையதில் உள்ளதை அழியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்