காருக்குள் இருப்பவர்களுக்காக ஒரு வரி

ஹைதராபாத், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். கன்னியாகுமரி நான்குவழிச் சாலையிலிருந்து ராஜபாளையம், கொல்லம் சாலை பிரியும் ஊர் இது. முகூர்த்த நாளென்றால் ஒவ்வொரு காரிலும் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்றால், ‘அதெல்லாம் போட்டாச்சு’ என்பார்கள். யாருக்குப் போட்டிருக்கிறது?

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தேர்டு பார்ட்டி. நம் கார் மோதி அடிபட்டவருக்கு அது இழப்பீடு தரும். ஓட்டும் உரிமையாளருக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடாக 15 லட்சம் ரூபாய் உண்டு. பின்சீட்டில் இருக்கும் அத்தையும் மச்சானும் இந்த இரண்டிலும் இல்லை. அவர்களையும் சேர்த்துக்கொள்வது காம்ப்ரிஹென்சிவ் பாலிசி. உங்கள் ஆணையமே 2009-இல் சுற்றறிக்கை வழியே இதை உறுதிசெய்தது. அந்தச் செய்தி எங்கள் ஊர் வரை வந்து சேரவில்லை.

சேராததன் விலை பெரிது. 2016-இல் நடந்த ஒரு விபத்தில் காரில் இருந்தவர் இறந்துபோனார். ஈரோடு நீதிமன்றம் குடும்பத்துக்கு 14 லட்சத்துக்கும் மேல் தரச் சொன்னது. அது வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி, காரில் இருந்தவருக்குப் பொருந்தாது என்று காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்ய, 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதே தீர்ப்பில், புதிய வண்டிகளுக்கு, வண்டிச் சேதம் முழுவதையும் ஏற்கும் ஐந்தாண்டு ‘பம்பர் டு பம்பர்’ காப்பீடு கட்டாயம் என்றும் சொன்னது. நடைமுறைக்கு ஒவ்வாது என்று செப்டம்பரில் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. அப்படிக் கட்டாயமாக்கி எல்லோர் மேலும் பிரீமியத்தை ஏற்றுவது சரியல்ல என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பதிலாக எதுவுமே வரவில்லையே!

இன்னொரு குழப்பமும் உண்டு. புதுக் காருக்கு மூன்றாண்டு தேர்டு பார்ட்டி சேர்ந்தே வருகிறது. சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும். மூன்று வருஷம் கட்டியாயிற்று என்று இருப்பவர், வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போன பிறகுதான் விஷயத்தை அறிகிறார். காம்ப்ரிஹென்சிவ் இருந்தாலும், தேய்மானத்தைக் கழிக்காத ‘நில் டெப்’ சேர்க்காவிட்டால் பிளாஸ்டிக் பம்பரின் விலையில் பாதி அவர் தலையில்.

ஆகவே, பாலிசியின் முதல் பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் இரண்டு விவரம் வேண்டும்: காரில் பயணம் செய்பவர்களுக்கு இழப்பீடு உண்டா இல்லையா, வண்டிச் சேதத்துக்கான காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது. ஆன்லைனில் புதுப்பிப்பவருக்கும், பணம் கட்டும் பக்கத்துக்கு முன்பே இவை இரண்டும் திரையில் வர உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
திருமங்கலத்துக் கார் உரிமையாளர் ஒருவர்