பனியனுக்கு லேப் சோதனை! பச்சப் புள்ள குடிக்கிற பாலுக்கு?

விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! பனியன் கம்பெனித் தொழிலாளத் தோழர்களே!

ஐரோப்பாவுக்குப் போகிற திருப்பூர் பனியன் துணி, கப்பல் ஏறும் முன்னே லேபுக்குப் போகிறது. துணியில் ஏறிய சாயத்தை ரசாயனம் போட்டு உடைத்து, கேஸ் குரோமட்டோகிராப் போன்ற கருவிகளில் ஏற்றிப் பார்க்கிறார்கள். பென்சிடின் முதலான 22 வகை அமின்களில் எதுவும் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த கட்டுப்பாடு இது. இன்றைக்கும் அமலில் இருக்கிறது. காரணம், பென்சிடின் மூத்திரப்பையில் புற்றுநோய் உண்டாக்கும்.

சட்டை போடுகிறவன் தோலுக்கு இவ்வளவு காவல். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சாயத்தை அலசிய தண்ணி ஓடிய நொய்யல் கரையில் குடியிருக்கிற எங்களுக்கு என்ன காவல்?

1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயத் தண்ணி தேங்கியது. "அணையைத் திறக்காதே" என்று விவசாயியே போராடிய கொடுமை வேறு எங்கே நடந்தது? 2006-ல் ஐகோர்ட் 'ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே வரக் கூடாது' என்றது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் விவசாயிகள் பக்கம் நின்றது. அப்படியும் அடங்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்டது.

இன்றைக்கு எங்கள் ஊர்க் கிணத்துக்கு அதிகாரி வந்தால் என்ன செய்கிறார்? டி.டி.எஸ். மீட்டரை முக்குகிறார், நம்பரை எழுதுகிறார், ஜீப் ஏறுகிறார். அந்த மீட்டர் தண்ணியில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து மொத்த உப்பைக் கணக்குச் சொல்லும். அவ்வளவுதான். குரோமியம் இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா, சாய அமின் இருக்கிறதா என்று அதுக்குத் தெரியாது. குடிதண்ணியில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இத்தனை சின்ன அளவைப் பிடிக்க அணு உறிஞ்சல் கருவி மாதிரி லேப் கருவி வேண்டும்.

விஷம் இருக்கு என்று நாங்கள் அடிச்சுச் சொல்லலீங்க. இருக்கா, இல்லையா, பார்த்துச் சொல்லுங்க என்றுதான் கேட்கிறோம். இல்லை என்று வந்தால் எங்கள் பாலுக்கும் இளநீருக்கும் கெட்ட பேர் போகும். இருக்கு என்று வந்தால் வைத்தியத்துக்கும் நஷ்டஈட்டுக்கும் அந்தக் காகிதமே சாட்சி.

1974 தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி ஆலைக் கழிவின் மாதிரியை ஆலைக்காரர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, அவர் கையெழுத்தும் வாங்க வேண்டும். கெடுத்தவனுக்கு உள்ள மரியாதை கெட்டுப்போன கிணத்துக்காரனுக்கு இல்லையா?

நாங்கள் கேட்பது:

1. நொய்யல் கரை கிராமங்களின் கிணறு, போர்வெல், பால், இளநீர், கீரை எல்லாவற்றையும் கன உலோகத்துக்கும் சாய அமினுக்கும் சோதிக்க வேண்டும்.

2. மாதிரியை விவசாயி முன்னிலையில் எடுத்து, சீல் வைத்த ஒரு பங்கை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

3. ரிசல்ட்டைத் தமிழில் எழுதிப் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்ட வேண்டும்.

4. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-லேயே வேலூர் தோல் ஆலை வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சோதனைச் செலவை விவசாயி தலையில் கட்டாதே!

வருகிற திங்கட்கிழமை மனு நாளுக்கு வீட்டுக்கு ஒருவர், அவரவர் கிணத்துத் தண்ணி ஒரு பாட்டிலோடு, கலெக்டர் ஆபீசுக்கு வாங்க! மீட்டர் முக்கியது போதும், லேபுக்கு அனுப்பு என்று கேட்போம்!

இவண்,
விவசாயிகள் சங்கம்,
நொய்யல் கரை கிராமங்கள்